பிள்ளை பேசட்டும், வாத்தியார் கேக்கட்டும்

பேரன்ட்ஸ் மீட்டிங் என்றால் என்னவென்று மந்தைவெளியிலும் தேனாம்பேட்டையிலும் வீட்டு வேலைக்குப் போகிற நம் தாய்மார்களைக் கேட்டால் சொல்வார்கள். அரைநாள் கூலியை விட்டுட்டுப் போய் வரிசையில் நிக்கணும். வாத்தியார் ரேங்க் கார்டைப் பிரிப்பார். "கணக்கு வரல, இங்கிலீஷ் வரல, வீட்டுல கொஞ்சம் பாக்கக் கூடாதா?" வீட்டுல யார் பாக்கறது? அம்மா தலையை ஆட்டிவிட்டு, காட்டின இடத்தில் கைநாட்டு வைப்பாள். பேச்சு யாரைப் பற்றியதோ அந்தப் பிள்ளை பக்கத்தில் தலைகுனிந்து நிற்கும். அதனிடம் ஒரு வார்த்தை கேட்பவர் இல்லை.

இதைத் தலைகீழாகத் திருப்ப வேண்டும் என்கிறோம். பிள்ளை உட்காரட்டும். நோட்டை விரித்து, எது புரிந்தது, எது புரியவில்லை, எங்கே அடி விழுந்தது என்று தாய்க்குத் தானே சொல்லட்டும். வாத்தியார் கேட்கட்டும். லட்சக்கணக்கில் கட்டணம் வாங்கும் சர்வதேசப் பள்ளிகளில் இது ஏற்கெனவே பழக்கத்தில் இருக்கிறது. அங்கே அது இங்கிலீஷில் நடக்கிற ஒரு நாகரிகம். சேரிப் பிள்ளைக்கு அப்படி இல்லை.

"எழுத்துத் தெரியாத அம்மாகிட்ட பிள்ளை என்னத்தச் சொல்லும்?" என்று முற்போக்கு நண்பர்களே கேட்கிறார்கள். வங்கிக் கவுன்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவன் என்ற முறையில் ஒன்று சொல்லலாம். ஏழாவது படிக்கிற பெண் அம்மாவைக் கூட்டிவந்து பணம் எடுக்கும் சீட்டை நிரப்புகிறது. ஸ்காலர்ஷிப் ஏன் ஏறவில்லை என்று கேட்கிறது. நாங்கள் சொல்கிற ஆதார் இணைப்பு, கேஒய்சி கண்றாவியெல்லாம் கேட்டுக்கொண்டு, திரும்பி, "யம்மா, அந்தக் கார்டுல உன் பேரு வேற மாதிரி இருக்குதாம்" என்று ஒரே வரியில் தாய்க்குச் சொல்லிவிடுகிறது. வங்கி, ரேஷன் கடை, ஆஸ்பத்திரி என்று அரசாங்கத்தோடு நம் குடும்பங்கள் நடத்துகிற பேச்சுக்கு இந்தப் பிள்ளைகள்தான் வாய். பள்ளிக்கூடத்தில் மட்டும் அந்த வாயைப் பொத்து என்கிறார்கள்.

பழைய கதை ஒன்று. 1894இல் கர்னல் ஆல்காட் அடையாறில் பஞ்சமர் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி திறந்தார். பிறகு கோடம்பாக்கம், தேனாம்பேட்டை, மயிலாப்பூர் என்று பள்ளிகள் பெருகின. அப்பள்ளிகளின் ஆசிரியர்களுக்காக 1906இல் கோர்ட்ரைட் அம்மையார் ஒரு கையேடு எழுதினார். அதன் தலைப்பைத் தமிழில் சொன்னால், 'பறையருக்கு நாம் கற்பிக்கும் முறை'. நல்லெண்ணத்தைக் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த 'நாம்' யார்? நூறு வருஷத்துக்கு மேலாகியும் அந்த எழுவாய் இடம் நம் பிள்ளைக்குக் காலியாகவில்லை. இத்தனைக்கும் அடுத்த வருஷமே, 1907இல், ராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' நடத்தி அயோத்திதாசர் தன் வாயால் பேசிக் காட்டினார்.

சட்டம் நம் பக்கம்தான். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 29ஆம் பிரிவு, பிள்ளை அச்சமின்றித் தன் கருத்தைச் சொல்ல உதவ வேண்டும் என்கிறது. 21ஆம் பிரிவின்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிக்குப் பாதி பெண்கள், ஒடுக்கப்பட்டோர் வீட்டுப் பெற்றோருக்கு உரிய விகிதம். காகிதத்தில் எல்லாம் இருக்கிறது.

பிள்ளை பேசினால் என்ன நடக்கும்? 2022 கடைசியில் ஈரோடு மாவட்டம் பெருந்துறை அருகே பாலக்கரையில் ஒரு தலித் பையன் டெங்குக் காய்ச்சலில் படுத்தான். எப்படிடா வந்தது என்று தாய் விசாரித்தபோதுதான் ஸ்கூல் கக்கூசைப் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவ வைக்கிறார்கள் என்று சொன்னான். தலைமை ஆசிரியை வன்கொடுமைச் சட்டத்தில் கைதானார். எந்த ரேங்க் கார்டில் வந்திருக்கும் இந்தச் செய்தி? காய்ச்சல் வராமலிருந்தால் இன்னும் எத்தனை நாள் கழுவியிருப்பான்?

இன்னொரு பக்கமும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், சக மாணவர்களின் சாதிக் கொடுமை தாங்காமல் பள்ளிக்குப் போவதை நிறுத்திய பையன், பள்ளியில் கேட்டபோது வாய்திறந்து சொன்னான். அன்றிரவே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்கப்போன தங்கைக்கும் வெட்டு. பேசச் சொல்லிவிட்டுப் பாதுகாப்புத் தராவிட்டால் பிள்ளையைக் காட்டிக்கொடுத்ததாகத்தான் ஆகும். அதன்பிறகு அமைந்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. அதை மாணவத் தோழர்கள் முழுசாகப் படிக்க வேண்டும்.

ஆகவே நாம் கேட்பது இது. கூட்டம் ஞாயிற்றுக்கிழமையோ சாயங்காலமோ நடக்கணும், கூலி போகக் கூடாது. கையெழுத்துக்கு முன்னால் பிள்ளைக்குப் பத்து நிமிஷம், தமிழில். பிள்ளை சொல்கிற புகாரை அங்கேயே எழுதி, தேதி போட்டு, நகல் தாய் கையில் தரணும். கூவம், அடையாறு ஆற்றங்கரைகளிலிருந்து செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் தூக்கியெறியப்பட்ட குடும்பங்களுக்குப் பள்ளியும் புதுசு, வாத்தியாரும் புதுசு. அங்கே முதல் கூட்டத்துக்குத் தாய்மார்களோடு நம் தோழர்கள் போய் உட்கார வேண்டும். பேச அல்ல, கூட இருக்க.