வகுக்கும் எண்ணை யாரும் கேட்பதில்லை

மே மாதம் பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் எங்கள் தெருமுனை டீக்கடையில் ஒரே கேள்விதான். "மதுரை எத்தனாவது இடம் சார்?" விருதுநகர் முந்திவிட்டதா, சிவகங்கை முந்திவிட்டதா என்று கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி பேச்சு நடக்கும். மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று பிள்ளைகள் பெயரை அறிவிப்பதை 2017-இல் அரசு நிறுத்தியது. நல்ல காரியம். மாவட்டங்களை வரிசை கட்டுகிற வழக்கம் மட்டும் போகவில்லை.

ஆயுள் முழுக்க குமாஸ்தா வேலை பார்த்தவன் நான். சதவீதம் என்றால் முதலில் எதனால் வகுத்தார்கள் என்று பார்ப்பேன். தேர்ச்சி சதவீதம் என்பது பரீட்சை எழுதியவர்களில் எத்தனை பேர் பாஸ் என்பதுதான். எழுத வராதவன் கணக்கிலேயே இல்லை. ஆகவே சதவீதம் ஏற இரண்டு வழி. ஒன்று, ஒழுங்காகச் சொல்லிக்கொடுப்பது. மற்றது, தேறமாட்டான் என்று தோன்றுபவனை முன்கூட்டியே அனுப்பிவிடுவது. இரண்டாவதுதான் சுலபம்.

எங்கள் வீட்டில் வேலை செய்யும் அம்மாவின் பேரனுக்கு ஒன்பதாம் வகுப்பில் கணக்கு வரவில்லை. பள்ளியில் பாட்டியைக் கூப்பிட்டு, "டி.சி. வாங்கிட்டு வேற எங்கயாச்சும் சேத்துக்கங்கம்மா" என்றார்கள். பிறகு அந்தப் பள்ளி நூறு சதவீதம் என்று வாசலில் பேனர் கட்டியது. பையன் டூவீலர் ஒர்க்‌ஷாப்புக்குப் போய்விட்டான். எந்தக் கணக்கிலும் அவன் பெயிலாகவில்லை!

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். அங்கே இருபதுக்குத்தான் மார்க். சொல்வதெழுதுவதில் பிழைக்குப் பிழை கழிப்பார்கள். எனக்குப் பல நாள் பூஜ்யம். பூஜ்யம் போட்ட அதே வாத்தியார் சாயங்காலம் அரைமணி உட்காரவைத்து, அதே பத்தியைத் திரும்ப எழுதவைப்பார். அங்கேயும் வடிகட்டல் உண்டு, அதைப் புகழவில்லை. அந்த அரைமணியைத்தான் சொல்கிறேன்.

அப்படி மாலையில் உட்காரவைக்கிற ஆசிரியர்கள் இங்கேயும் நிறைய. அவர்கள் மேல் எனக்குக் குறையில்லை. ஆய்வுக் கூட்டத்தில் சதவீதத்தை மட்டும் கேட்டால் தலைமையாசிரியர் வேறென்ன செய்வார்? கேள்வியை மாற்றவேண்டியது மாவட்டம்.

2022 செப்டம்பர் 15 அன்று முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கியது நம் மதுரை ஆதிமூலம் மாநகராட்சி தொடக்கப் பள்ளியில்தான். அதே ஆண்டு, சின்ன வகுப்பிலேயே எழுத்தும் கணக்கும் வரவேண்டும் என்று 'எண்ணும் எழுத்தும்' வந்தது. வயிறு நிறைவதும், மூன்றாம் வகுப்பிலேயே வாசிக்க வருவதும்தான் படிப்பை உயர்த்தும். இவற்றின் பலன் ரிசல்ட்டில் தெரியப் பத்து வருஷமாகும். பேனர் கட்டுகிறவர்களுக்கு அந்தப் பொறுமை கிடையாது.

ஒவ்வொரு பிள்ளைக்கும் எமிஸ் எண் இருக்கிறது. ஆறாம் வகுப்பில் சேர்ந்த நூறு பேரில் எத்தனை பேர் பிளஸ் டூ முடித்தார்கள், மற்றவர்கள் எங்கே என்று எடுப்பது ஒரு குமாஸ்தாவுக்கு இரண்டு நாள் வேலை. அந்தக் கணக்கைப் பள்ளிவாரியாக வெளியிடுங்கள். அதில் மதுரை கடைசி இடம் வந்தாலும் எனக்கு வருத்தமில்லை. ஒர்க்‌ஷாப் பையனையும் சேர்த்து எண்ணியிருப்பார்களே, அது போதும்.