இரண்டு ஊருக்கும் ஒரே இரவு

ராஜபாளையத்திற்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே தூரம் அதிகமில்லை. ஜில்லாவும் ஒன்று, சாலையும் ஒன்று. ஆயினும், "பக்கத்து ஊரில் இரவு 11 மணிக்கும் ஒலிபெருக்கி முழங்குகிறது, இங்கு மட்டும் ஏன் தடுக்கவேண்டும்?" என்று வாதிப்போர் இரு ஊர்களிலும் உண்டு. ஊருக்கு ஊர் இரவு வேறுபடுவதாக இவர்கள் எண்ணுகிறார்கள் போலும்!

2000-ம் வருஷத்து ஒலி மாசு விதிகள் தேசம் முழுமைக்கும் ஒரே இரவைத்தான் வகுத்திருக்கின்றன. அது 10 மணிக்குத் தொடங்கி, காலை 6 மணிக்கு முடிகிறது. அதற்குள் திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. திருவிழாக் காலத்தில் நள்ளிரவு 12 மணி வரை அனுமதிக்க ராஜ்ய சர்க்காருக்கு வருஷத்தில் 15 நாட்களே உண்டு. அந்நாட்களையும் முன்கூட்டியே அறிவிக்கவேண்டும். தெருவுக்குத் தெரு விழாக் கமிட்டியார் பங்கிட்டுக்கொள்ளும் சலுகையன்று அது.

மார்கழி விடியலில் திருப்பாவையை ஒலிபெருக்கியில் வைப்பதும், மணி 6 ஆகாதவரையில், விதிக்கு விரோதமே. இதைச் சொன்னால் ஸ்ரீவில்லிபுத்தூர் அன்பர்கள் நம்மீது சினங்கொள்ளலாம். அவ்வூரில் அவதரித்த ஆண்டாள், பாசுரத்தில் தோழியர் வீட்டு வாசல்தோறும் சென்றல்லவா எழுப்புகிறாள்? அறிமுகமில்லாதார் வீட்டை அவள் எழுப்பவில்லை.

ராஜபாளையத்தின் சங்கடம் வேறு வகையானது. 1936-ல் நூல் மில் தோன்றியது முதல் அவ்வூர் யந்திரத்தோடு வளர்ந்தது. விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் இரவில் 45 டெசிபல்தான் எல்லை, தொழிற்பகுதியிலோ 70. வித்தியாசம் 25 தானே என்று அலட்சியம் செய்வதற்கில்லை. கணக்குப்படி அது ஒலியின் சக்தியில் முந்நூறு மடங்குக்கும் மேல். ஆகவே ஒரு தெருவுக்கு என்ன பெயர் சூட்டப்படுகிறது என்பதில் அத்தெருவாரின் நித்திரை அடங்கியிருக்கிறது. அப்பெயரை வகுக்கவேண்டியது ராஜ்ய சர்க்கார்.

இரவு ஷிப்டு முடித்து வீடு திரும்பும் தொழிலாளியின் கதியை எவர் நினைக்கிறார்? அவன் தலை சாய்க்கும் வேளையில் சட்டத்தின் இரவு முடிந்துவிடுகிறது. கல்யாண வீட்டு ஒலிபெருக்கி அவன் காதில் விழும்போது, அவனுக்காகப் பரிந்து பேசப் பகல் நேரத்து 55 டெசிபல் எல்லை ஒன்றே மிச்சம். அதை அளப்பார் யார்?

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஜில்லா கோர்ட்டு இருக்கிறது. கோர்ட்டு, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதி மண்டலமாக்க விதிகள் இடந்தருகின்றன. ஆனால் 2017-ம் வருஷத்துத் திருத்தத்திற்குப் பின், சர்க்கார் அறிவித்தாலன்றி எவ்விடமும் அமைதி மண்டலமாகாது. நோயாளியின் அமைதியும் ஓர் உத்தரவுக்காகக் காத்திருக்கவேண்டிய நிலை.

2005-ம் வருஷம் ஜூலையில் சுப்ரீம் கோர்ட்டு, விருப்பமில்லாதவன் காதில் ஒலிபெருக்கியைத் திணிக்க எவருக்கும் உரிமையில்லை என்று தீர்ப்பளித்தது. இரவு ஒலிபெருக்கியைப் பற்றிப் புகார் செய்யக் கருவி தேவையில்லை, கடிகாரம் போதும். கலெக்டரிடமோ, டிப்டி சூப்பிரண்டுக்குக் குறையாத போலீஸ் அதிகாரியிடமோ எழுதலாம். மில் ஓசைக்கோ, எல்லையை 10 டெசிபல் மீறியதைக் காட்டியாகவேண்டும். தெரு எவ்வகை என்பதும் தெரிந்தாகவேண்டும். ஆகையால் எந்தத் தெரு குடியிருப்பு, எது தொழிற்பகுதி, எது அமைதி மண்டலம் என்று வார்டு வாரியாகப் படம் வரைந்து, இரு முனிசிபல் ஆபீசு வாசல்களிலும் ஜனங்கள் காண ஒட்டவேண்டுமென்று கேட்கிறோம். அடுத்த ஆடிப்பூரத்திற்கு முன் அதைச் செய்வது அசாத்தியமல்ல.