காப்பாற்றத் தமிழ் உண்டு, கைதூக்கிவிடத் தமிழ் இல்லையா?



பெற்றோர் ஆசிரியர் சந்திப்பு என்றால் ஒரு கேள்வி தவறாமல் வந்துவிடும். "டீச்சர், தமிழ் படித்தால் இவனுக்கு என்ன வேலை கிடைக்கும்?" கேட்பவர் பகையுணர்வோடு கேட்பதில்லை. பிள்ளையின் எதிர்காலத்தை எண்ணிக் கவலையோடுதான் கேட்கிறார். பண்பாடு, வேர், அடையாளம் என்று நாமும் ஏதேதோ விடை சொல்லி அனுப்புகிறோம். அவரும் தலையாட்டிவிட்டு, அடுத்த வகுப்பறையில் கணித ஆசிரியரைப் பார்க்க விரைகிறார். அந்தக் கேள்வியை இன்று வேறு வாசலில் கொண்டுபோய் வைக்க விரும்புகிறேன். தமிழ் என்ன வேலை தரும் என்று தமிழாசிரியரைக் கேட்பது இருக்கட்டும். ஊழியர்க்குத் திறன் வளர்க்கவென்றே பொதுப்பணத்தில் நடக்கும் அமைப்புகள் தமிழுக்கு என்ன இடம் தந்தன என்று கேட்டால் என்ன?

சிங்கப்பூரில் ஊழியர் பயிற்சிக்கு நீண்ட வரலாறு உண்டு. முதலாளிகளிடம் தீர்வை வசூலித்துப் பயிற்சிக்குச் செலவிடும் திறன் மேம்பாட்டு நிதி 1979இல் பிறந்தது. சார்ஸ் நோய் நம்மை உலுக்கிய 2003ஆம் ஆண்டின் செப்டம்பரில், மனிதவள அமைச்சின் கீழ் ஊழியரணி மேம்பாட்டு அமைப்பு நிறுவப்பட்டது. வேலை இழந்தோரை வேறு துறைகளுக்குத் திருப்பிவிடுவதும் இருப்போரின் திறனை உயர்த்துவதும் அதன் பணி. தொழில்துறைதோறும் இன்ன வேலைக்கு இன்ன தகுதி என்று வரையறுத்துச் சான்றிதழ் வழங்கும் முறையை 2005இல் அது கொண்டுவந்தது. 2016இல் அவ்வமைப்பு இரண்டாயிற்று. பயிற்சிப் பொறுப்பு கல்வி அமைச்சின் கீழ் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் சிங்கப்பூர் என்றும், வேலைவாய்ப்புப் பொறுப்பு மனிதவள அமைச்சின் கீழ் இன்னோர் அமைப்பாகவும் பிரிந்தன. (ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 'ஊழியரணி' என்பது எவ்வளவு அழகிய சொல்லாக்கம்! 2003இல் அமைப்புக்குத் தமிழ்ப் பெயர் வைக்கத் தோன்றிய நமக்கு, பின்னர் வந்த 'ஸ்கில்ஸ்ஃபியூச்சர்' என்பதைத் தமிழெழுத்தில் அப்படியே எழுதி வைப்பதோடு மனநிறைவு வந்துவிட்டது.)

இவ்வமைப்புகள் செய்த நன்மையை மறுக்க நான் இதை எழுதவில்லை. 25 வயதுக்கு மேற்பட்ட சிங்கப்பூரர் ஒவ்வொருவர் பெயரிலும் 2016இல் 500 வெள்ளி பயிற்சித் தொகை வைத்தார்கள். 2020இல் மேலும் 500 வெள்ளி தந்தார்கள். 2024இல் 40 வயதைத் தொட்டவர்களுக்கு 4,000 வெள்ளி அறிவித்தார்கள். நடுவயதில் மீண்டும் பள்ளிக்குப் போ, செலவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லும் அரசுகள் உலகில் எத்தனை?

ஆனால் அந்தப் பள்ளியின் வாயில் எந்த மொழியில் திறக்கிறது என்பதுதான் என் வழக்கு.

தொடக்கக் கல்வியை முடிக்காத ஊழியர்க்கென 1983இல் ஓர் அடிப்படைக் கல்வித் திட்டம் தொடங்கப்பட்டது. அதில் கற்பிக்கப்பட்டவை ஆங்கிலமும் கணக்கும். பின்னர் அதன் இடத்துக்கு வந்த வேலையிட எழுத்தறிவுத் தேர்வும் ஆங்கிலத்தையே அளந்தது. கேட்டல், பேசுதல், படித்தல், எழுதுதல் நான்கும் ஆங்கிலத்தில். அதாவது, 'எழுத்தறிவு' என்ற சொல்லுக்கே இங்கு 'ஆங்கில எழுத்தறிவு' என்பது பொருளாகிவிட்டது. நான்கு அதிகாரத்துவ மொழிகள் உள்ள நாட்டில், அவற்றுள் ஒன்றில் தங்குதடையின்றிப் படிக்கவும் எழுதவும் தெரிந்த ஒருவர், அந்தத் தேர்வின் முன் எழுத்தறிவற்றவராக நிற்பார்.

யார் அப்படி நின்றவர்கள்? கற்பனையாகச் சொல்லவில்லை. 1946இல் தொடங்கி, 1960இல் உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்த உமறுப் புலவர் தமிழ்ப்பள்ளி 1982இல் மூடப்பட்டது. நாட்டின் கடைசித் தமிழ்வழிப் பள்ளி அது. கணக்கும் அறிவியலும் வரலாறும் தமிழில் படித்துத் தேறிய ஒரு தலைமுறை அங்கிருந்தும், அதற்கு முன்னரே மறைந்துபோன சிறு தமிழ்ப்பள்ளிகளிலிருந்தும் வெளிவந்தது. ஐந்தே ஆண்டுகளில், 1987இல், எல்லாப் பள்ளிகளும் ஆங்கிலத்தை முதல்மொழியாகக் கொண்டன. தமிழ்வழிப் படித்தோர் தாம் கற்ற அறிவைக் கையில் வைத்துக்கொண்டு, அதை வாங்குவார் இல்லாத சந்தையில் நின்றனர். அவர்களுள் இளையவரே இன்று அறுபதை ஒட்டியிருப்பார். அறுபதானால் என்ன என்று தள்ளிவிட வேண்டாம். 2030க்குள் ஓய்வு வயது 65 ஆகவும் மறுவேலைவாய்ப்பு வயது 70 ஆகவும் உயரும் என 2019இல் அரசே அறிவித்தது. எழுபதுவரை உழைக்கச் சொல்லும் நாடு, அதுவரை கற்கவும் வழிசெய்ய வேண்டாமா?

இவர்களோடு, ஆங்கிலம் படித்தும் அதில் கரையேறாதவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். திருமணமாகித் தமிழகத்திலிருந்து வந்து குடியுரிமை பெற்ற தாய்மார்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். என் வகுப்புப் பிள்ளைகளின் பாட்டியரும் தாயரும் இவர்கள்தாம்.

ஒரு பாட்டியார் நினைவுக்கு வருகிறார். பேரனை அழைத்துச் செல்லப் பள்ளி வாயிலுக்கு நாள்தோறும் வருவார். காலையில் ஓர் அலுவலகக் கட்டடத்தில் துப்புரவுப் பணி. தமிழ் முரசைத் தலைப்பு முதல் இரங்கல் செய்திவரை படித்துவிட்டு, பேரனின் கட்டுரையில் ஒற்றுப்பிழை இருந்தால் என்னிடமே சுட்டிக்காட்டுவார். அவர் ஒருநாள் ஒரு கடிதத்தை நீட்டி, "இது என்ன சொல்லுது, பாருங்க டீச்சர்" என்றார். பயிற்சித் தொகை பற்றிய ஆங்கில அறிவிப்பு அது. விளக்கிச் சொன்னேன். "படிக்கலாம்தான். அங்க போயி இங்கிலீஷ்ல முழிச்சிக்கிட்டு உக்காரவா?" என்று சிரித்தார். முன்பொரு முறை முதலாளி அனுப்பிய ஒருநாள் வகுப்பில், பயிற்றுநர் கேட்ட எல்லாவற்றுக்கும் "எஸ்" என்று சொல்லிச் சான்றிதழ் வாங்கி வந்ததாகவும் சொன்னார். 2020இல் அரசு கூடுதலாக வழங்கிய அந்த 500 வெள்ளி, 2025 டிசம்பர் 31ஆம் நாளோடு காலாவதியாயிற்று. அவர் தொகையில் ஒரு வெள்ளிகூடச் செலவாகவில்லை.

இதே பயிற்சித் திட்டத்தில், 2017இல் ஒரு மோசடிக் கும்பல் ஒன்பது நிறுவனங்களின் பெயரில் பொய்யாகக் கோரி ஏறத்தாழ 40 மில்லியன் வெள்ளியைச் சுருட்டியது. படிவம் நிரப்பத் தெரிந்த கள்வனுக்குத் திறந்த கதவு, ஒற்றுப்பிழை திருத்தத் தெரிந்த பாட்டிக்குத் திறக்கவில்லை.

துப்புரவுத் துறையில் 2014இலும் பாதுகாவல், நில வனப்புத் துறைகளில் 2016இலும் நடைமுறைக்கு வந்த படிப்படியான சம்பள முறையை எண்ணிப் பாருங்கள். நல்ல திட்டம். அடிமட்டச் சம்பளத்தை உயர்த்திய திட்டம். அதன் அடிப்படையே பயிற்சிதான். பயிற்சி பெற்றால் அடுத்த படி. அடுத்த படி ஏறினால் கூடுதல் சம்பளம். அப்படியானால் பயிற்சியின் மொழி சம்பளத்தின் மொழியும் ஆகிறது. கூட்டிப் பெருக்குவதில் இருபதாண்டுத் தேர்ச்சி உள்ளவர், மேற்பார்வையாளர் ஆவதற்கான பாடத்தைப் புரிந்துகொள்ள முடியாமல் கீழ்ப்படியிலேயே நின்றால், அவருக்கு இல்லாதது திறனா, மொழியா?

நிற்க. "தமிழில் தொழிற்பயிற்சி நடத்த முடியுமா? சொற்கள் உண்டா? பயிற்றுநர் உண்டா?" என்று கேட்போர் உண்டு. அவர்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை தேக்காவுக்கு வருமாறு அழைக்கிறேன். சிராங்கூன் சாலையில் தோளோடு தோள் உரச நடக்கும் நம் தமிழகத் தம்பிகளுள் கட்டுமானத் துறையில் இருப்பவர் எவரையேனும் நிறுத்திக் கேளுங்கள். கட்டுமானத் தளத்தில் கால்வைக்குமுன் பாதுகாப்புப் பயிற்சி பெற்றே ஆகவேண்டும். அந்தப் பயிற்சி தமிழில் நடக்கிறது. வங்காளத்தில் நடக்கிறது. சீனத்தில் நடக்கிறது. தேர்வும் அவ்வாறே. 2018 முதல் புதிதாக வரும் கட்டுமான ஊழியர்க்கு நடத்தப்படும் அறிமுகப் பயிற்சியும் அவரவர் மொழியில்தான். சாரத்தின்மேல் எப்படி நிற்பது, பாரந்தூக்கியின் கீழ் ஏன் நிற்கக்கூடாது, பாதுகாப்பு வாரை எங்கே மாட்டுவது என்பதெல்லாம் தமிழில் சொல்லிக்கொடுக்கப்படுகின்றன. ஏன்? புரியாவிட்டால் உயிர் போகும். உயிர் போனால் வேலை நிற்கும். ஆகவே அங்கே எவரும் 'ஆங்கிலம் கற்றுக்கொண்டு வா' என்று சொல்லவில்லை.

அரசின் இந்த அறிவுடைமையை நான் போற்றுகிறேன். போற்றிக்கொண்டே கேட்கிறேன்: விழாமல் இருக்கத் தமிழில் சொல்லித்தர முடியுமென்றால், மேலே ஏறத் தமிழில் சொல்லித்தர முடியாதா? சொல் இல்லை, ஆள் இல்லை என்ற சாக்குகள் சாரத்தின்மேல் செல்லாதபோது வகுப்பறையில் மட்டும் எப்படிச் செல்லும்?

(அந்தத் தம்பிகளின் கதை தனி. ஸ்கில்ஸ்ஃபியூச்சர் தொகை சிங்கப்பூரர்க்கு மட்டுமே. அதில் குறைகாண நான் வரவில்லை. ஆயினும், தேர்வெழுதி 'உயர்திறன்' ஊழியர் ஆனால் அவருக்காக முதலாளி செலுத்தும் மாதத் தீர்வை கட்டுமானத் துறையில் 900 வெள்ளியிலிருந்து 500 வெள்ளியாகக் குறைகிறது. 2024 முதல் இருக்கும் கணக்கு இது. அந்த 400 வெள்ளி மிச்சத்தில் தேர்வெழுதியவரின் பங்கு எவ்வளவு என்பது முதலாளியின் மனத்தைப் பொறுத்தது.)

இரண்டாவதாகச் சொல்லப்படுவது, "ஆங்கிலம் வேண்டாமா? இப்படித் தமிழிலேயே எல்லாம் கொடுத்தால் அவர்கள் ஆங்கிலம் கற்கவே மாட்டார்களே" என்பது. ஆங்கிலம் வேண்டும். ஐயமே இல்லை. ஆனால் ஆங்கிலத்தை ஆங்கிலம் தெரியாதவருக்கு ஆங்கிலத்திலேயே கற்பிப்பது எந்தக் கற்பித்தல் முறை? தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்று ஆசிரியர் பயிற்சியின் முதல் வாரத்திலேயே நமக்குச் சொல்லித்தந்தார்கள். ஏழு வயதுக் குழந்தைக்குப் பொருந்தும் அந்த விதி அறுபது வயதுக்குப் பொருந்தாமல் போகுமா? தமிழ் வழியே ஆங்கிலம், தமிழ் வழியே கைத்தொலைபேசிச் செயலி, தமிழ் வழியே முதியோர் பராமரிப்பு என்று தொடங்கினால், ஆங்கிலச் சொற்கள் தாமாகவே உடன்வரும்.

மூன்றாவது காரணம்தான் உண்மையான காரணம். எண்ணிக்கை. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, வீட்டில் பெரும்பாலும் தமிழ் பேசுவோர் ஐந்து வயதுக்கு மேற்பட்ட குடியிருப்பாளருள் 2.5 விழுக்காடு. பயிற்சி வகுப்புகளை நடத்துவோர் தனியார் நிலையத்தாராகவும் இருக்கின்றனர். வகுப்பு நிறைந்தால்தான் அவர்களுக்குக் கட்டுப்படியாகும். ஆங்கிலத்தில் அறிவித்தால் நிறையும். சீனத்தில் அறிவித்தாலும் நிறையும். தமிழில் அறிவித்தால் இங்கே நால்வர், அங்கே மூவர். ஆகவே பெரும்பாலும் அறிவிப்பதில்லை. அறிவிக்காததால் எவரும் கேட்பதில்லை. எவரும் கேட்பதில்லை என்பதால் தேவை இல்லை என்று முடிவு செய்யப்படுகிறது. இந்த வட்டத்தைச் சந்தை தானாக உடைக்காது.

ஆனால் இதே சிக்கலை இதே நாடு ஒருமுறை தீர்த்துக் காட்டியிருக்கிறது. தமிழ் கற்பிக்க ஏற்பாடு இல்லாத பள்ளிகளில் நம் பிள்ளைகள் ஒருவர் இருவராகச் சிதறிக் கிடந்தார்கள். "எண்ணிக்கை போதாது, தமிழை விட்டுவிடுங்கள்" என்று கல்வி அமைச்சு சொல்லவில்லை. 1983இல் உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையத்தைத் தொடங்கியது. பல பள்ளிப் பிள்ளைகள் ஓரிடத்தில் கூடினார்கள். வகுப்பு நிறைந்தது. இன்றும் பீட்டி சாலையில் அந்நிலையம் இயங்குகிறது. பயிற்சி அமைப்புக்கும் 2016இல் தாய்வீடு ஆனது அதே கல்வி அமைச்சு அல்லவா? சிதறிய சிறுவரை ஒன்றுகூட்டத் தெரிந்த அமைச்சுக்குச் சிதறிய பெரியவரை ஒன்றுகூட்டத் தெரியாது என்று நான் நம்பத் தயாராக இல்லை.

நம் சமூகத்தையும் சும்மா விடுவதற்கில்லை. ஆண்டுதோறும் ஏப்ரலில் தமிழ்மொழி விழா நடக்கிறது. பட்டிமன்றம், பேச்சுப்போட்டி, கவியரங்கம் எல்லாம் களைகட்டுகின்றன. எல்லாவற்றிலும் தமிழ் தேன், தமிழ் அமுது, தமிழ் உயிர். நன்று. தேனும் அமுதுமாக இருக்கும் மொழியில் ஒரு பாதுகாவலர் தம் பணிக்கான பாடத்தைப் படிக்க முடியவில்லையே என்று எந்த மேடையிலாவது எவரேனும் பேசக் கேட்டதுண்டா? வேலையிலிருந்து விலக்கப்பட்ட மொழியை விழாவில் வைத்துப் போற்றினால், பிள்ளைகள் அதை விழாப் பொருளாகத்தானே பார்ப்பார்கள்! தீபாவளிக்கு எடுத்து உடுத்திவிட்டு மடித்து வைக்கும் பட்டுவேட்டியைப்போல.

பெற்றோரே, உங்கள் கேள்விக்கு இங்கேதான் விடை வருகிறது. தமிழுக்கு வேலையில் இடமில்லை என்பது இயற்கை விதி அன்று. அப்படி அமைத்ததால் அப்படி இருக்கிறது. மூப்படையும் இந்நாட்டில் முதியோர் இல்லங்களிலும் மருத்துவமனைகளிலும் நம் பெரியவர்கள் இருக்கிறார்கள். மறதிநோய் முற்றியவர்களுள் பின்னாளில் கற்ற மொழியை இழந்து தாய்மொழிக்கே திரும்புவோர் உண்டு என்பதைப் பராமரிப்போர் அறிவர். "வலிக்குதா?" என்று அவர்களிடம் தமிழில் கேட்கத் தெரிவது பண்பாடா, தொழில்திறனா? பாலர்பள்ளியில் தமிழ் கற்பிப்பது, நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பது, தொழிற்சாலையில் நாற்பது தமிழ் ஊழியரை மேற்பார்ப்பது, இவையெல்லாம் திறன் இல்லையா? இவற்றைத் திறன் என்று பெயர் சூட்டி, பயிற்சி வகுத்து, சான்றிதழ் தந்து, சம்பளத்தில் காட்டினால், சந்திப்பு நாளில் அந்தக் கேள்வி என்னிடம் வராது.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. பீட்டி சாலை நிலையத்திலோ தேக்காவை ஒட்டிய வேறேதேனும் கட்டடத்திலோ வாரத்தில் ஒரு மாலை. பயிற்சித் தொகையால் கட்டணம் செலுத்தக்கூடிய மூன்று பாடங்கள், தமிழில்: துப்புரவு மற்றும் பாதுகாவல் மேற்பார்வை, முதியோர் பராமரிப்பு, தமிழ் வழி ஆங்கிலம். தீவெங்கும் உள்ளோர் பெயர்பதிய ஒரே பட்டியல். அறிவிப்புக் கடிதம் நான்கு மொழிகளிலும். மொழிப்பகுதியைக் கற்பிக்க ஓய்வுபெற்ற தமிழாசிரியர்களைக் கேட்கலாம். துறைப்பகுதிக்கு, பாதுகாப்புப் பயிற்சியைத் தமிழில் நடத்திப் பழகிய பயிற்றுநர்கள் இருக்கவே இருக்கிறார்கள். உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரின் மக்கள் சந்திப்புக்குச் செல்லும்போது இதையும் ஒரு வரி சொல்லுங்கள். எழுதித் தர ஆள் வேண்டுமென்றால் நான் எழுதித் தருகிறேன், ஆங்கிலத்திலேயே.