சிறைக் கதவைத் திறந்த சொல்

பதுவை அந்தோணியார் என்றதும், தொலைந்த பொருளைத் தேடித் தருபவர் என்பதே பலர் நினைவுக்கு வருகிறது. தமிழகத்தில் அவரைக் 'கோடி அற்புதர்' என்று போற்றுவர். அற்புதங்களைப் பற்றி வாதிட நான் வரவில்லை. ஆயினும் அவர் விட்டுச் சென்ற செல்வங்களுள் தலையாயது ஓர் அற்புதமன்று, ஒரு சட்டமே என்பேன்.

1195-இல் லிஸ்பன் நகரில் வசதியான குடும்பத்தில் பிறந்தவர் அவர். மொராக்கோவில் கொல்லப்பட்ட ஐந்து பிரான்சிஸ்கன் துறவிகளின் உடல்கள் 1220-இல் போர்த்துக்கல் வந்து சேர்ந்தன. அதனால் உள்ளம் உருகிய அவர், அந்த ஏழைத் துறவிகளின் சபையிலேயே சேர்ந்தார். பின்னர் இத்தாலியில் நாவன்மையால் புகழ் பெற்றார்.

அந்நாளில் கடனைத் திருப்பித் தர இயலாதவனுக்குச் சிறைதான் கதி. சிறையில் கிடப்பவன் எங்ஙனம் உழைப்பான்? எங்ஙனம் கடனை அடைப்பான்?

1231-இல், ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில், அந்தோணியார் பதுவையில் நாள்தோறும் மக்களிடம் பேசினார். அவருடைய வேண்டுகோளை ஏற்று, உடைமைகளை ஒப்படைத்துவிட்ட கடனாளியைச் சிறையில் அடைக்கலாகாது என அவ்வாண்டு மார்ச் மாதம் அந்நகரம் சட்டம் இயற்றியது. ஜூன் 13-இல் அவர் மறைந்தார். ஓராண்டு நிறையுமுன்பே, 1232-இல், திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது.

மாணவ நண்பர்களே! நாவன்மை நம்மிடமும் உண்டு. பட்டிமன்றங்களில் கைதட்டலும் பரிசுக் கோப்பையும் பெறுகிறோம். நம் பேச்சால் எந்த ஏழையின் துயர் தீர்ந்தது? தொலைந்த பொருளுக்காக அவரை அழைப்போர், கடன்பட்டோர்க்காகப் பேசிய அந்தக் குரலையும் தேட வேண்டும் என்பதே என் கருத்து.