குறியும் நிரலும்

இருவர் காணிக்கு நடுவே எல்லை தெளிவில்லாவிடின், வேலி அடைக்குந்தோறும் வழக்குப் பிறக்கும். இணையத்தளம் அமைக்கும் தொழிலிலும் அத்தகைய எல்லையொன்று உண்டு. பக்கத்தின் தோற்றத்தை வகுப்போர் ஒரு சாரார். பின்னின்று வேலை செய்யும் நிரலை எழுதுவோர் மற்றொரு சாரார். இவ்விரு சாராரும் சந்திக்குமிடம் வார்ப்புரு ஆகும்.

வார்ப்புரு, இடைவெளிகள் விட்டு அச்சிட்ட படிவம் போன்றது. மாறாத பகுதி அப்படியே எழுதப்பட்டிருக்கும். மாறும் பகுதி நிற்கவேண்டிய இடத்திலே ஒரு குறி இடப்பட்டிருக்கும். வார்ப்புருப் பொறி குறியைக் கண்டதும், அதற்குரிய நிரலை இயக்கி, விளைவை அவ்விடத்திலே வைக்கும். பொறியோடு வரும் குறிகள் போதாவிடத்து நாமே புதியனவற்றை ஆக்கிக்கொள்ளலாம். அவற்றுக்குரிய நிரல் எங்கே இருத்தல் வேண்டும் என்பதே ஈண்டு நாம் ஆராயும் வினா.

வார்ப்புருவினுள்ளேயே நிரலை எழுதிவிட்டால் வேலை விரைவில் முடியுமே என்பார் உளர். பிஎச்பி மொழிக்குரிய ஸ்மாட்டி என்னும் பொறி அதற்கென்றே ஒரு குறியை ஒருகாலத்தில் வைத்திருந்தது. ஆயின், அதன் 3 ஆம் பதிப்பிலே, அக்குறியைக் கையாளலாகாது என்று ஆக்கியோரே அறிவித்தனர். விரைவு கருதிக் கொடுத்த உரிமையைப் பின்னர் மீட்க நேர்ந்தது.

ஜாங்கோ என்னும் பைதன் மொழிக் கட்டமைப்பு வேறு வழியிற் சென்றது. அமெரிக்காவின் கன்சஸ் மாநிலத்து லோறன்ஸ் நகரிலே, ஒரு செய்தித்தாள் நிறுவனத்திற் பிறந்து, 2005 இல் யாவர்க்கும் வழங்கப்பட்டது அது. அதன் வார்ப்புரு மொழியிற் பைதன் நிரலை எழுத இயலாது. வேண்டுமென்றே அங்ஙனம் அமைத்தனர். புதிய குறிக்குரிய நிரல் தனிக் கோப்பில் இருக்கும். குறியின் பெயர் அங்கே பதிவு செய்யப்படும். வார்ப்புரு அப்பெயரை மட்டுமே அறியும்.

இதுவே தக்க வழி என்பது எம் கருத்து. முதலாவது காரணம் பொறியின் இயல்பிலேயே உளது. பொறி முதலில் வார்ப்புருவைப் பிரித்து, ஒவ்வொரு குறிக்கும் ஒரு கணுவை ஆக்கும். அடுத்து, அக்கணு தன் வெளியீட்டைத் தரும். ஒருமுறை ஆக்கிய கணு, ஒரே வேளையிற் பலருடைய வேண்டுகோள்களுக்குப் பணிபுரிதல் கூடும். ஒருவர்க்குரிய செய்தியை அக்கணுவிலே எழுதிவைத்தால், அது பிறிதொருவர் பக்கத்திற் போய்த் தோன்றவும் கூடும். இந்நுட்பத்தை உணர்ந்து எழுதும் பொறுப்பு நிரலாளருடையது. வண்ணமும் எழுத்தளவும் நோக்குவாரிடம் அதனைச் சுமத்துதல் முறையன்று.

இரண்டாவது காரணம் பாதுகாப்பு. பயனர் தட்டெழுதிய சொற்களை வார்ப்புருவின் பகுதியாகவே சேர்த்துவிட்டால், அவற்றுளுள்ள குறிகளையும் பொறி இயக்கும். இவ்வழியாற் பல பொறிகளிலே தளத்தை இயக்கும் கணினியையே கைப்பற்றலாமென, ஜேம்ஸ் கெற்றில் என்னும் ஆய்வாளர் 2015 இல் பிளாக் ஹற் மாநாட்டிலே காட்டினார். வார்ப்புருவின் ஆற்றல் எத்துணைச் சிறிதோ, தவறு நேர்ந்தவிடத்துக் கேடும் அத்துணைச் சிறிதாகும்.

எனினும், தனிக் கோப்பில் இருத்தலால் மட்டும் குறி குற்றமற்றதாகிவிடாது. தரவுத்தளத்தைக் கேட்டு விடைபெறும் குறியொன்றை, 100 வரிகள் கொண்ட அட்டவணையில் வரிக்கொன்றாக இட்டால், 100 கேள்விகள் எழும், பக்கம் தவழும். வார்ப்புருவிற் காண்பதோ ஒரு சிறு சொல்! ஆகவே, வேண்டிய தரவுகளை முன்னரே திரட்டி வைத்தல் வேண்டும். குறியின் வேலை அவற்றைக் காட்டுதலோடு அமைதல் நன்று. பெயரும் அதன் வேலையை ஒளியாது கூறவேண்டும்.

இத்துறையிற் புகும் இளைஞர்க்கு நாம் சொல்ல விரும்புவது இதுவே: புதிய குறியொன்றை ஆக்குதல் சில வரிகளில் முடியும் எளிய வேலை. அதனை ஆக்குமுன், அது எல்லையின் எப்பக்கத்துக்கு உரியதென்று ஒருகணம் எண்ணுங்கள். உமக்குப் பின் அத்தளத்தைப் பேணுவார் உம்மை நன்றியோடு நினைப்பர்.