மகள் வீட்டுக்கு ஒரு பயணம்

கடந்த மாசி மாதம் கிளிநொச்சிப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா எமது நிலையத்துக்கு வந்திருந்தார். கையில் ஒரு பைல். கனடாவில், ஸ்காபரோவில் இருக்கும் மகள் அம்மாவைக் கூப்பிடுவதற்கு “சுப்பர் விசா”வுக்கு விண்ணப்பித்து, விசாவும் கிடைத்துவிட்டது. ஆங்கிலக் கடிதத்தை வாசித்துச் சொல்லும்படி கேட்டார். ஒரு தடவை போனால் ஐந்து வருடம் வரை தொடர்ந்து நிற்கலாம் என்று சொன்னதும் அவருடைய முகம் மாறிவிட்டது.

“ஐஞ்சு வருசமோ? ஆறு மாதம் எண்டுதானே பிள்ளை சொன்னவள்.”

அவருடைய மூத்த மகன் 2009 மே மாதத்தில் வட்டுவாகலில் வைத்துக் கையளிக்கப்பட்டவர். இன்றுவரை பதில் இல்லை. “நான் அங்கை நிக்கேக்கை அவன் வந்தால் வீட்டிலை ஆர் நிக்கிறது?” என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. விசாவைப் பற்றித்தான் சொல்ல முடிந்தது.

இந்த விசா 2011 கடைசியில் தொடங்கியது. முன்னர் ஒரு தடவைக்கு இரண்டு வருடம் நிற்கலாம். 2022 ஆடி மாதம் அது ஐந்து வருடமாக்கப்பட்டது. ஆனால் நிற்கலாம் என்பதுதான் பேச்சு, நிற்க வேண்டும் என்பதல்ல. ஆறு மாதத்தில் திரும்பி வந்து, விசா முடியும் வரை மறுபடியும் போகலாம். அதிகமாகப் பத்து வருடம் வரை விசா கொடுக்கிறார்கள். கடவுச்சீட்டு அதற்கு முன் முடிந்தால் விசாவும் அத்தோடு முடியும். இதைச் சொன்ன பிறகுதான் அம்மா தேத்தண்ணீரைக் கையில் எடுத்தார்.

இந்த இதழை வாசித்து முடித்து வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு அனுப்பிவைக்கும் அம்மாமார் சிலர் இருக்கிறார்கள். ஆகவே பிள்ளைகளுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

போய் வந்த அம்மாமார் சொல்லும் கதை பெரும்பாலும் ஒன்றுதான். முதல் இரண்டு கிழமை நயாகரா, கோயில், சொந்தக்காரர் வீடு. பிறகு மகளும் மருமகனும் வேலைக்குப் போய்விடுவார்கள். அம்மாவும் கைக்குழந்தையும் பூட்டிய வீட்டுக்குள். மார்கழியில் பின்னேரம் ஐந்து மணிக்கு முன்னமே அங்கே இருட்டிவிடும். முற்றம் கூட்டி, அயலோடு கதைத்து, சந்தைக்கு நடந்து போன மனிசிக்கு யன்னல் மட்டும்தான் மிச்சம். “உங்களுக்கு இங்கை என்ன குறை?” என்று பிள்ளை கேட்டால் “ஒண்டுமில்லை” என்பார். அந்த ஒன்றுமில்லையைப் பிள்ளைகள் நம்பிவிடுகிறார்கள்.

பிள்ளைகளையும் குறை சொல்வதற்கில்லை. இந்த விசாவுக்கு வருமானம் காட்டவேண்டும், காப்புறுதி கட்டவேண்டும், டிக்கெட் போடவேண்டும். இவ்வளவும் செலவழித்த பிறகு “கொஞ்சக் காலம் கூட நில்லுங்கோவன்” என்று கேட்பது இயல்பு. பேரப்பிள்ளையைப் பார்ப்பதும் அம்மாவுக்குச் சந்தோசமே. எத்தனை மாதம், வீட்டில் என்னென்ன வேலை, வாரத்தில் எந்த நாள் அம்மாவை வெளியே கூட்டிப்போவது என்பதையெல்லாம் டிக்கெட் போடுவதற்கு முன் கதைத்திருக்க வேண்டும். அங்கே போன பிறகு கதைத்தால் அது சண்டையாகிவிடும். கடவுச்சீட்டு அம்மாவின் கைப்பையிலேயே இருக்கட்டும். பத்திரமாக வைக்கிறேன் என்று வாங்கி வைத்தாலும், கேட்டு வாங்கும் நிலை அவருக்குக் கூச்சமாக இருக்கும்.

வருத்தத்தை மறைக்காதீர்கள். காப்புறுதி குறைந்தது ஒரு லட்சம் கனடிய டொலருக்கு, ஒரு வருடத்துக்கு எடுக்கவேண்டும். சீனி வருத்தம், பிரஷர் இருப்பதைச் சொல்லாமல் விட்டால், ஆஸ்பத்திரியில் படுக்க நேர்ந்தால் நிறுவனம் பணம் கொடுக்க மறுக்கலாம். வருகையாளருக்கு ஒன்ராறியோவின் அரச மருத்துவக் காப்புறுதி கிடையாது. ஏற்கெனவே உள்ள வருத்தங்களுக்கு என்ன நிபந்தனை என்று பிள்ளை விசாரித்து, அம்மாவுக்கும் விளங்கச் சொல்லவேண்டும். குளிசைகள் 90 நாளுக்கு மேல் கொண்டுபோக விடமாட்டார்கள். ஆகவே டொக்டரிடம் குளிசையின் மருந்துப் பெயரை ஆங்கிலத்தில் எழுதுவித்துக்கொண்டு போங்கள். கம்பனிப் பெயர் அங்கே விளங்காது. இன்சுலின் கைப்பையில், பெட்டியில் அல்ல.

தனியப் போகிறவர்கள் டிக்கெட் போடும்போதே சக்கர நாற்காலி உதவி கேளுங்கள். அதற்குக் காசு இல்லை. நடக்க முடியாதவருக்குத்தான் என்று வெட்கப்படவேண்டாம். தோகாவிலோ துபாயிலோ விமானம் மாறும்போது கால் உளைவும் மிச்சம், வழி தெரியாத பயமும் இல்லை. வீட்டு விலாசமும் அவசர இலக்கம் 911 உம் குளிர்சாதனப் பெட்டியில் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி ஒட்டியிருக்கட்டும்.

அந்த அம்மாவுக்கு மகளோடு இதைக் கதைக்கத் துணிவு வரவில்லை. “நீங்களும் பக்கத்திலை இருங்கோ” என்றார். ஞாயிற்றுக்கிழமை இரவு 7 மணிக்கு எடுத்தோம். அங்கே காலை எட்டரை.

“மே 18 முடிய வாறன் பிள்ளை. கார்த்திகைக்கு முதல் என்னை அனுப்பிவிட வேணும்.”

“அங்கை தனியக் கிடந்து அண்ணாவை நினைச்சு அழப்போறீங்களே அம்மா?”

“இங்கை அழுறதுக்கு நாலு பேர் கூட இருக்கினம்.”

மறுபக்கத்தில் கனநேரம் சத்தமில்லை. குழந்தை மட்டும் சிணுங்கியது. பிறகு மகள், வாறபோது அண்ணாவின் படத்தைக் கொண்டுவரச் சொன்னாள். தன்னிடம் இருந்த ஒரு படமும் இடம்பெயர்வில் போய்விட்டதாம். கேட்டால் அம்மா அழுவார் என்று இத்தனை வருடமும் கேட்கவில்லையாம்.

அம்மாவிடமும் ஒரு படம்தான் இருக்கிறது, போராட்டப் பந்தலுக்குக் கொண்டுபோகும் அந்த லமினேற் படம். அதைக் கொடுக்க மாட்டார். அடுத்த நாள் ஸ்ரூடியோவுக்குப் போய் இரண்டு பிரதி எடுத்தார். ஒன்று மகளுக்கு. மற்றது எதற்கு என்று கேட்டேன். பேரப்பிள்ளைக்காம்.