கொடுக்கும் உரிமையும் அந்தப் பிள்ளைகளுக்கு வேண்டும்

யாழ்ப்பாணத்துச் சிறுவர் இல்லங்களுக்கு மதியச் சாப்பாடு கொடுப்பது, புலம்பெயர்ந்த குடும்பங்களின் பிறந்தநாளோடும் திவசத்தோடும் சேர்ந்த வழக்கமாகிவிட்டது. கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் காசு வருகிறது, பிள்ளைகள் சாப்பிடுகிறார்கள், படம் போய்ச் சேருகிறது. அந்த அன்பு பெரியது. ஆனால் ஆண்டுக்கணக்காக வாங்கியே வளரும் பதின்ம வயதுப் பிள்ளைக்கு, தானும் ஒருவருக்குத் தேவை என்ற உணர்வு எங்கிருந்து வரும்?

போரும் 2004 சுனாமியும் பல பிள்ளைகளை இல்லங்களுக்கு அனுப்பின. வறுமை, பெற்றோரின் பிரிவு, தாயின் வெளிநாட்டு வேலை ஆகியவை இன்றும் அனுப்புகின்றன. தாயோ தகப்பனோ உயிருடன் இருக்க இல்லத்தில் வளரும் பிள்ளைகளே இலங்கையில் அதிகம். இருக்கிறவர்களே விட்டுப் போனார்கள் என்ற நினைப்பு, மனிதர் மீதான நம்பிக்கையை அரிக்கிறது. வடக்கின் கூட்டு மனவடுவைப் பற்றி 2007இல் எழுதிய உளமருத்துவர் தயா சோமசுந்தரம், அவநம்பிக்கையையும் பிறரில் தங்கியிருத்தலையும் அதன் அடையாளங்களாகவே குறிப்பிட்டார். அன்னதானம் பசியைத் தீர்க்கும். இந்த இரண்டையும் தீர்க்காது.

தீர்க்கக்கூடியது குழு உளவளத்துணை. குழுச் சிகிச்சையில் மனிதரைக் குணமாக்கும் காரணிகளுள் ஒன்றாக, பிறருக்கு உதவும் வாய்ப்பை அமெரிக்க உளமருத்துவர் இர்வின் யாலோம் 1970இலேயே எடுத்துக்காட்டினார். 1944இல் புடாபெஸ்டில் சுவீடன் இராஜதந்திரி ரவுல் வாலன்பெர்க்கின் பாதுகாப்புப் பத்திரத்தால் நாசிகளிடமிருந்து பிழைத்த யூதச் சிறுவன் எர்வின் ஸ்டாப், பின்னாளில் உளவியலாளராகி, துன்பத்திலிருந்தே பிறர்நலம் பிறக்கலாம் என்று வாதிட்டார். ஆனால் அது தானாகப் பிறப்பதில்லை: பட்ட காயம் ஆற வேண்டும், ஆபத்தில் கைகொடுத்த ஒருவராவது இருக்க வேண்டும், பிறகு தானும் உதவிப் பார்க்க வழி கிடைக்க வேண்டும்.

எனவே வரிசை முக்கியம். முதலில், வாராவாரம் தவறாமல் வரும் ஒரே உளவளத்துணையாளர், எட்டுப் பத்துப் பிள்ளைகளுக்கு மேற்படாத குழு, சொன்னது வெளியே போகாது என்ற உறுதி. கதை, நாடகம், ஓவியம் வழியாக ஒருவர் வலியை மற்றவர் கேட்கப் பழகிய பிறகே பொறுப்புகள்: சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பது, புதிதாக வந்தவருக்குத் துணையிருப்பது, அயலில் தனித்திருக்கும் முதியவரைப் பார்த்துவருவது. எதைச் செய்வதென்று பிள்ளையே தெரிவு செய்ய வேண்டும். இல்லத்தின் சமையலையும் கூட்டித் துடைப்பதையும் பிள்ளைகள் தலையில் கட்டிவிட்டு அதற்குச் சேவை என்று பெயர் வைப்பது சிகிச்சை ஆகாது. நன்றியோடு இருக்க வேணும் என்ற ஓயாத புத்திமதியும் பிறர்நலத்தை வளர்க்காது. கடனாளி மனநிலையைத்தான் வளர்க்கும்.

இதற்கான ஆட்கள் இங்கேயே இருக்கிறார்கள். சாந்திகம் போன்ற நிறுவனங்கள் போர்க்காலத்திலேயே உளவளத்துணையாளரைப் பயிற்றின. வடமாகாண நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புத் திணைக்களம், கட்டடத்தையும் கணக்கையும் போல உளவளத்துணையையும் இல்லங்களின் கட்டாய அளவுகோலாக்க வேண்டும். புலம்பெயர்ந்த உறவுகள் சில நாள் சாப்பாட்டுக் காசைச் சேர்த்து, ஓர் உளவளத்துணையாளரின் சம்பளத்தை ஏற்கலாம். பதினெட்டு வயதில் இல்லத்தை விட்டு வெளியேறும் பிள்ளைக்கு உறவு தேடித் தரப்போவது, பிறருக்கு ஆதரவாக நிற்கத் தெரிந்த மனம்தான். அதை வளர்த்துக் கொடுப்பது, சோறு போடுவதைப் போலவே நம் கடமை.